வசியமும் ஸௌசீல்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு பெரியோர்கள் பணித்தபோது, எம்பெருமானுடைய கல்யாண குணங்களுள் ஒன்றை எடுத்து எழுதலாம் என்று எண்ணினேன். எந்தக் குணத்தை எடுப்பது என்று ஆராய்ந்துகொண்டிருக்கையில், சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அன்று புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. விடியற்காலை முதல் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. பிற்பகலில் ஓர் இளைஞர் ஸந்நிதியில் நின்று, தீர்த்தமும் திருத்துழாயும் பெற்றுக்கொண்டபின் நகராமல் தயங்கினார். தியாகராயநகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருப்பதாகச் சொன்னார். "ஸ்வாமி, நான் காண்பிக்கும் புடவையையே பக்கத்தில் நிற்பவன் காண்பித்தால் வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு முகராசி இல்லை என்று முதலாளி சொல்கிறார். எல்லோரையும் நம் பக்கம் இழுக்கும்படி ஏதாவது வசிய மந்திரம் உண்டா?" என்று கேட்டார். அடியேன் பசியிலும் களைப்பிலும் இருந்தேன். "அதற்கெல்லாம் வேறு இடம் பாரும், இது பெருமாள் கோயில்" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ஸடாரி ஸாதிக்கத் திரும்பிவிட்டேன். வரிசையில் நின்ற சிலர் சிரித்தனர். அவர் தலை குனிந்து சென்றார். அதன்பின் அவரை அடியேன் கண்டதில்லை.

இரவு நடை சாத்தி வீடு திரும்பும்போதுதான் செய்த பிழை உறைத்தது. ஒருவர் மனத்தைக் கவரும் வழி என்ன என்று கேட்டார். அந்த வழியில் எது தடையோ அதையே அடியேன் அவருக்குச் செய்து காட்டினேன். அவர் கேட்ட கேள்வியோ இழிவானதன்று. நம் ஸம்ப்ரதாயம் முழுவதும் அக்கேள்விக்கு விடையாகவே அமைந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அன்று சொல்லத் தவறிய விடையை இன்று எழுத முற்படுகிறேன்.

சொல்லின் பொருள்

ஒருவரிடத்தில் நம் மனம் காரணம் தெரியாமலே சென்று பற்றுவதை வசீகரம், கவர்ச்சி, ஆகர்ஷணம் என்று பல சொற்களால் வழங்குகிறோம். வடமொழியில் 'வச' என்னும் சொல் விருப்பத்தையும் ஆளுகையையும் குறிக்கும். வசீகரணம் என்றால் பிறரைத் தன் விருப்பத்துக்கு உட்படுத்துதல் என்பது பொருள். ஆகர்ஷணம் என்பதில் உள்ள 'க்ருஷ்' என்னும் தாதுவுக்கு இழுத்தல் என்றும் உழுதல் என்றும் பொருள் உண்டு.

இச்சொற்களை உற்று நோக்கினால் ஒன்று விளங்கும். வசியம் என்பதில் இழுப்பவன் ஒருவன், இழுபடுபவன் ஒருவன். இழுப்பவனுக்கு லாபம் உண்டு. இழுபடுபவனுக்கு உண்டா என்பது அச்சொல்லின் பொருளில் அடங்கவில்லை. நம் ஆசார்யர்கள் எம்பெருமானுடைய கவர்ச்சியைப் பேசும்போது இச்சொல்லோடு நில்லாமல், ஸௌசீல்யம், ஸௌலப்யம், வாத்ஸல்யம், மாதுர்யம் என்று வேறு சொற்களைத் தேடிச் சென்றதற்கு இதுவே காரணம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. இவற்றுள் ஒன்றிலாவது பிறரை உட்படுத்துதல் என்னும் கருத்து இல்லை. பிறரிடம் தான் இறங்கி வருதல் என்னும் கருத்தே உள்ளது.

வடிவழகும் அதன் எல்லையும்

கவர்ச்சி என்றவுடன் எல்லோரும் நினைப்பது வடிவழகை. இதையும் நம் பெரியோர்கள் இரண்டாகப் பகுத்தனர். கண், மூக்கு, திருத்தோள் என்று தனித்தனி அவயவங்களின் அழகு ஸௌந்தர்யம். எல்லாம் சேர்ந்து தோன்றும் மொத்த அழகு லாவண்யம். லாவண்யம் என்னும் சொல் உப்பைக் குறிக்கும் லவணம் என்பதிலிருந்து பிறந்தது. உப்பு உணவில் தனியே கண்ணுக்குப் புலப்படாது. இல்லாவிடில் மற்ற எதற்கும் சுவை இராது. அவயவங்கள் குறைவின்றி அமைந்த ஒருவரிடம் மனம் ஒட்டாமல் போவதையும், அழகர் என்று சொல்ல முடியாத ஒருவரை விட்டுப் பிரிய மனம் வராமல் இருப்பதையும் நாம் தினமும் காண்கிறோம்.

வடிவழகில் ஈடுபடுவதை நம் ஆசார்யர்கள் பழிக்கவில்லை என்பதற்குப் பிள்ளை உறங்காவில்லி தாஸரின் சரித்திரம் சான்று. உறையூரைச் சேர்ந்த மல்லரான அவர், தம் மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகில் மிகவும் ஈடுபட்டவர். ஸ்ரீரங்கத்து உற்ஸவக் கூட்டத்தில், பெருமாளைப் பாராமல், வெயில் தாக்காதபடி மனைவிக்குக் குடை பிடித்து, அவர் முகத்தையே பார்த்து நடந்து சென்றார். ஊரார் நகைத்தனர். எம்பெருமானார் நகைக்கவில்லை. அவரை அழைத்து விசாரித்து, இக்கண்களைவிட அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு அடிமையாவீரோ என்று கேட்டு, பெரிய பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்றார். அந்தத் திருக்கண்களைக் கண்டபின் தாஸர் மீளவில்லை. தம்பதியர் இருவருமே உடையவருடைய அந்தரங்க சிஷ்யர்களாயினர். காவிரியில் நீராடித் திரும்பும்போது உடையவர் இந்த மல்லருடைய கையைப் பற்றிக்கொண்டே வருவார் என்றும், குலம் பார்த்து அதை ஆக்ஷேபித்தவர்களுக்குத் தாஸருடைய பெருமையை உணர்த்தினார் என்றும் பெரியோர் சொல்வர்.

இங்கே மல்லரைக் கவர்ந்தவை அரங்கனுடைய கண்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்கள் வரையில் அவரை அழைத்து வந்தது எது? ஊரே சிரித்த ஒருவரைச் சிரிக்காமல் பார்த்த உடையவருடைய பார்வை அல்லவா? புரட்டாசிச் சனிக்கிழமையன்று அடியேனிடத்தில் இல்லாமற்போனது அதுவே.

இராமபிரானுடைய சீலம்

ஸௌசீல்யம் என்பதற்கு நம் பூர்வர்கள் தரும் விளக்கம், மிகப் பெரியவன் மிகத் தாழ்ந்தவரோடு இடைவெளி தோன்றாதபடி கலந்து பழகுதல் என்பது. தான் இறங்கி வந்ததாக மற்றவருக்குத் தோன்றவும் கூடாது. தான் இறங்கி வந்ததாகத் தன் நெஞ்சிலும் எண்ணம் இருக்கக் கூடாது. வேடனான குஹனையும் வானரனான ஸுக்ரீவனையும் அரக்கர் குலத்து விபீஷணனையும் தோழராகவும் உடன்பிறந்தாராகவும் கொண்ட சக்ரவர்த்தித் திருமகனே இக்குணத்துக்கு எடுத்துக்காட்டு.

வால்மீகி முனிவர் நாரதரிடம் 16 குணங்கள் பொருந்திய மனிதர் யார் என்று வினவுவதிலிருந்து ஸ்ரீமத் ராமாயணம் தொடங்குவதை நாம் அறிவோம். அயோத்யா காண்டத்தின் தொடக்கத்தில் அக்குணங்கள் அன்றாட வாழ்க்கையில் எவ்வாறு வெளிப்பட்டன என்பதை முனிவர் விரித்துரைக்கிறார். அவற்றுள் சிலவற்றைப் பாருங்கள். இராமன் எவரைக் கண்டாலும் தானே முந்திப் பேசுவான். பேசுமுன் முகம் மலர்வான். எவரேனும் கடுஞ்சொல் சொன்னால் எதிர்ச்சொல் சொல்லமாட்டான். ஒருவர் ஒரேயொரு நன்மை செய்திருந்தாலும் அதை நினைத்து மகிழ்வான். நூறு தீமை செய்திருந்தாலும் நினைவில் வைக்கமாட்டான். அஸ்த்ரப் பயிற்சியின் இடையே கிடைக்கும் ஓய்விலும், வயதிலும் அறிவிலும் ஒழுக்கத்திலும் மூத்தவர்களோடு உரையாடிக்கொண்டிருப்பான். போர் முடித்து யானையிலோ தேரிலோ திரும்பும்போது, தன் வெற்றியைச் சொல்லாமல், ஊராரிடம் உங்கள் மக்கள் நலமா, மனைவியர் நலமா, அக்னிகள் குறைவின்றி வளர்கின்றனவா, பணியாளர் ஒழுங்காக இருக்கின்றனரா என்று, ஒரு தந்தை பிள்ளைகளை வினவுவதுபோல் வரிசையாக வினவுவான். அவர்களுக்குத் துன்பம் வந்தால் அவர்களைவிட அதிகமாக வருந்துவான். அவர்கள் வீட்டு விழாவில் தகப்பனைப் போல் மகிழ்வான்.

இவற்றில் வடிவழகு எங்கே வருகிறது? அரச செல்வம் எங்கே வருகிறது? முந்திப் பேசுவதற்குப் பொருட்செலவு இல்லை. பிறர் வீட்டு நலம் விசாரிப்பதற்கு மந்திரோபதேசம் வேண்டியதில்லை. ஆனால் ஒன்று வேண்டும். எதிரில் நிற்பவரைப் பற்றி அறியவேண்டும் என்னும் மெய்யான விருப்பம் வேண்டும். அது இல்லாமல் கேட்கும் குசலப் பிரச்னம் வெறும் சடங்கு; அதைக் கேட்பவர் ஒரு கணத்தில் உணர்ந்துகொள்வார். கடையில் நிற்கும் இளைஞருக்கும் இதுவே பொருந்தும். வந்த அம்மாளுக்கு எந்த விசேஷத்துக்குப் புடவை வேண்டும், யாருக்காக வாங்குகிறார், கையில் உள்ள தொகைக்கு எது தகும் என்று உண்மையாகவே அறிய விரும்புகிறவரிடம் மக்கள் தாமே செல்வர்.

இரண்டு ஸந்நியாஸி வேடங்கள்

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை பாதியாகும். ஏனெனில் கவர்ச்சி நல்லவரிடம் மட்டுமே இருப்பதன்று. ஸ்ரீமத் ராமாயணத்தில் இருவர் ஸந்நியாஸி வேடம் பூண்டு வருகின்றனர். இருவரும் வேதம் கற்றவர்கள். இருவரும் பேச்சில் வல்லவர்கள். ஒருவன் இராவணன், மற்றவர் திருவடி எனப்படும் அனுமார்.

இராவணன் காவியுடுத்து, குடையும் தண்டும் கமண்டலமும் தாங்கி, வேத கோஷம் செய்துகொண்டே பர்ணசாலைக்கு வருகிறான். வந்தவுடன் அவன் பேசுவது பிராட்டியின் அழகைப் பற்றி. அங்கம் அங்கமாகப் புகழ்கிறான். பிராட்டி அதிதி என்று எண்ணி ஆஸனமும் நீரும் அளித்து, கேட்டதற்கு விடையும் சொல்கிறாள். அவன் தன் எண்ணத்தை வெளியிடுகிறான், பிராட்டி மறுக்கிறாள். மறுத்த அந்தக் கணத்திலேயே வேடம் கலைகிறது. இனிய சொல் போய்ப் பலாத்காரம் வருகிறது.

அனுமார் ருச்யமூக மலையிலிருந்து இறங்கி, பிக்ஷு வடிவத்தில் இராம லக்ஷ்மணர்களிடம் வந்து பேசுகிறார். அவர் பேசி முடித்ததும் பெருமாள் இளைய பெருமாளிடம் அந்தப் பேச்சைப் புகழ்கிறார். வேதங்களையும் வியாகரணத்தையும் கற்றவரே இப்படிப் பேசக்கூடும். ஒரு பிழைச்சொல் இல்லை. முகத்திலோ கண்ணிலோ புருவத்திலோ விகாரம் இல்லை. மிக நீட்டவில்லை, மிக விரையவில்லை. குரல் மிக ஓங்கவும் இல்லை, தாழவும் இல்லை. வாளை ஓங்கி நிற்கும் பகைவனுடைய உள்ளமும் இப்பேச்சைக் கேட்டால் இளகும் என்பது அப்புகழ்ச்சியின் கருத்து. பேச்சுக் கலை பயில்வோர் இப்பகுதியை ஒருமுறை பொருளுணர்ந்து பாராயணம் செய்தால் போதும்.

அதே அனுமார் அசோகவனத்தில் மரத்தின்மேல் அமர்ந்து, பிராட்டியிடம் எவ்வாறு பேசுவது என்று நெடுநேரம் ஆலோசிக்கிறார். பண்டிதர்களைப் போல் ஸம்ஸ்க்ருதத்தில் பேசினால் இராவணன் என்று எண்ணி அஞ்சுவாளே. ஆகையால் மக்கள் பேசும் எளிய மொழியில் பேச வேண்டும் என்று தீர்மானிக்கிறார். தம் புலமையைக் காட்டுவதைவிடக் கேட்பவருடைய அச்சம் நீங்குவதே முக்கியம் என்று கருதிய பேரறிஞர் அவர். பேசத் தொடங்கியபோதும் பிராட்டியைப் புகழவில்லை. தம்மைப் பற்றியும் சொல்லவில்லை. தசரதரிலிருந்து தொடங்கி இராமபிரானுடைய கதையைச் சொல்கிறார். பிராட்டி எதைக் கேட்க ஏங்கியிருந்தாளோ அதைச் சொல்கிறார்.

முன்பு ஒருமுறை ஏமாந்த பிராட்டி உடனே நம்பிவிடவில்லை. இவனும் இராவணனோ என்று ஐயுறுகிறாள். இராமனுடைய அடையாளங்களைச் சொல் என்கிறாள். வானரரோடு அவருக்கு எவ்வாறு உறவு ஏற்பட்டது என்று கேட்கிறாள். அனுமார் சினம் கொள்ளவில்லை. என்னையா ஐயப்படுகிறாய் என்று மனம் வாடவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் விடை சொல்லி, பின்னர் கணையாழியைத் தருகிறார். என் முதுகில் ஏற்றி இப்பொழுதே பெருமாளிடம் சேர்க்கிறேன் என்று வேண்டுகிறார். பிராட்டி அதற்கு இசையாமல் காரணங்களைச் சொல்லி மறுக்கிறாள். மறுப்பை அவர் தலைமேல் ஏற்கிறார். சூடாமணியைப் பெற்று, வலம் வந்து வணங்கிப் புறப்படுகிறார்.

அன்பர்களே, கவர்ச்சியின் உரைகல் இவ்விடத்தில் இருக்கிறது. இனிமையாகப் பேசுவதைக் கொண்டு ஒருவரை நிச்சயிக்க இயலாது. இருவருமே இனிமையாகப் பேசினர். காவியைக் கொண்டும் வேதத்தைக் கொண்டும் நிச்சயிக்க இயலாது. இருவருக்குமே அவை இருந்தன. ஐயுற்றுக் கேள்வி கேட்டால் அவர் எவ்வாறு நடந்துகொள்கிறார், இயலாது என்று மறுத்தால் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதே அளவு. கேள்வியைப் பொறுத்து, மறுப்பை மதிப்பவரிடம் உள்ளது ஸௌசீல்யம். கேள்விக்குச் சினந்து, மறுப்புக்குப் பகைமை காட்டுபவரிடம் உள்ளது வெறும் வசியம். குரு என்றும் மகான் என்றும் பலர் உலவும் காலம் இது. குடும்பத்துடன் ஒருவர் பின் செல்லுமுன், பொருளை அவர் கையில் ஒப்படைக்குமுன், பிராட்டியைப் போல் அடையாளம் கேளுங்கள். கேட்பது அபசாரம் ஆகாது. கேட்ட பிராட்டியை நாம் தினமும் ஸேவிக்கிறோம்.

மயிலையும் தூதுவளையும்

கவர்ந்து ஆட்கொள்வதில் நம் பெரியோர்கள் கையாண்ட முறைகளை நினைத்தால் வியப்பு உண்டாகிறது. இந்த மயிலாப்பூர் பேயாழ்வார் திருவவதாரம் செய்த தலம். ஐப்பசி மாதம் சதய நக்ஷத்திரத்தில், கிணற்றிலிருந்த செவ்வல்லி மலரில் அவர் தோன்றினார் என்பது ஸம்ப்ரதாயம். பல சமயங்களிலும் புகுந்து ஆராய்ந்து எதிலும் நிலைபெறாதிருந்த திருமழிசையாரைத் திருத்த அவர் எண்ணினார். வாதத்துக்கு வா என்று அழைக்கவில்லை. திருமழிசையார் செல்லும் வழியில், செடிகளைத் தலைகீழாக, வேர் மேலே தெரியும்படி நட்டு, ஓட்டைக் குடத்தில் நீர் முகந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பார்த்தவர் சிரித்து, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டார். நீர் செய்வதைவிடவா என்பதுபோல் விடை வந்தது. அதன்பின்னரே இருவருக்கும் நீண்ட உரையாடல் நிகழ்ந்தது; திருமழிசையார் சிஷ்யரானார். தம்மைப் பார்த்துச் சிரிக்கும்படி முதலில் தம்மை வைத்துக்கொண்டார் பேயாழ்வார். உயர்ந்த இடத்தில் நின்று உபதேசித்திருந்தால், அத்தகைய பேரறிவாளர் நின்று கேட்டிருப்பாரா?

மணக்கால் நம்பியின் வழி இன்னும் மென்மையானது. ஆளவந்தார் இளமையில் வாதத்தில் வென்று பாதி ராஜ்யம் பெற்று அரசராக வாழ்ந்தபோது, அவரைத் தர்சனத்துக்கு மீட்கும் பொறுப்பு நம்பியிடம் இருந்தது. அரண்மனைக்குள் புக வழியில்லை. நம்பி மடைப்பள்ளிக்காரரிடம் தூதுவளைக் கீரையைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். ஆறு மாதம் நாள்தோறும் கொடுத்தார்; ஒன்றும் கேட்கவில்லை. பின்பு சில நாள் நிறுத்தினார். இலையில் தூதுவளையைக் காணாத ஆளவந்தார், ஏன் இல்லை என்று கேட்டார். யாரோ ஒரு பெரியவர் நாள்தோறும் கொண்டுவந்து தந்தார் என்பது தெரிந்ததும் அவரை அழைத்துவரச் சொன்னார். என்ன வேண்டும் என்று கேட்ட அரசரிடம், உம்மிடம் பெற ஒன்றுமில்லை. உம் பாட்டனார் வைத்த நிதியை உம்மிடம் சேர்க்கவே வந்தேன் என்றார் நம்பி. பல நாள் கீதையின் பொருளை உணர்த்தி, முடிவில் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துச் சென்று, பெரிய பெருமாள் திருவடிகளைக் காட்டி, இதுவே அந்த நிதி என்றார். ஆளவந்தார் அரசைத் துறந்தார்.

ஒரு கீரைக்கு அத்தனை ஆகர்ஷணம் உண்டா? கீரைக்கு இல்லை. ஆறு மாதம் ஒன்றும் கேளாமல் கொடுத்த கைக்கு உண்டு. உடனே பலன் தர வேண்டும் என்று நினைப்பவர் வசியத்தைத் தேடுகிறார். பொறுத்திருக்கத் தெரிந்தவருக்கு அது தேவைப்படவில்லை.

வெள்ளி நாவினர்

இவை எல்லாம் புராதன காலத்துக் கதைகள் என்று சிலர் கருதலாம். நம் மயிலாப்பூரிலேயே பெரியவர்கள் நேரில் கண்ட ஒருவரைச் சொல்கிறேன். வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டு ஓர் எளிய வைதிகக் குடும்பத்தில் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பின்பு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து தேசப்பணி புரிந்தவர். அவருடைய ஆங்கிலப் பேச்சின் இனிமையைக் கேட்ட ஆங்கிலேயர்களே அவரை வெள்ளி நாவினர் என்று போற்றினர்.

தென்னாப்பிரிக்காவில் நம்மவர் இழிவாக நடத்தப்பட்ட காலத்தில், 1927 முதல் 1929 வரை இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக அங்கு இருந்தார். இந்தியரை அருகில் அமரவிடாத வெள்ளையர் பலர் அவர் பேச்சைக் கேட்கத் திரண்டனர். 1928-இல் க்ளெர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசிய கூட்டத்தைச் சிலர் கலகம் செய்து கலைக்க முயன்றனர். சாஸ்திரியார் நிதானம் இழக்கவில்லை; பகைமை பாராட்டவும் இல்லை; பேச்சைத் தொடர்ந்தார். இந்தியச் சிறுவர்களின் உயர்கல்விக்காக அவர் முயற்சியால் டர்பன் நகரில் எழுந்த கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்கவில்லை, வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆயினும் காந்தியடிகள் அவரை மூத்த சகோதரராகக் கருதினார். 1946-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னை வந்தபோது, நோயுற்றிருந்த சாஸ்திரியாரைச் சென்று கண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் சாஸ்திரியார் காலமானார். கருத்து வேறுபட்ட பின்னும் உறவு வேறுபடாதிருப்பது, இருவருடைய சீலத்துக்கும் சான்று.

1906-இல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயரால் நிறுவப்பட்ட மயிலாப்பூர் ஸம்ஸ்க்ருதக் கல்லூரியில், 1944-ஆம் ஆண்டு, தம் 75-ஆம் வயதை ஒட்டி, சாஸ்திரியார் ஸ்ரீமத் ராமாயணத்தைப் பற்றி 30 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். இராமனை மனிதனாகவே கொண்டு பார்க்குமாறு அவர் கேட்டோரை வேண்டினார். அடியேன் போன்றோருக்கு அதில் உடன்பாடு இல்லை. பரமபுருஷனே மனிதனாக வந்தான் என்பது நம் துணிபு. ஆனாலும் இராமனும் பிராட்டியும் பட்ட துன்பத்தை மனிதத் துன்பமாகவே உணர்ந்து அவர் பேசிய அச்சொற்பொழிவுகளின் நூலைப் படிக்கும்போது, உடன்படாத இடத்திலும் அவரை விட்டு விலக மனம் வரவில்லை. இதுவும் கவர்ச்சியின் ஒரு தன்மை. நம்மை ஒப்புக்கொள்ளச் செய்யாமலே நம் மதிப்பைப் பெற்றுக்கொள்வது அது.

கவர்ச்சியின் எல்லையையும் இதே சரித்திரத்தில் காணலாம். சாஸ்திரியார் பல உள்ளங்களை இளக வைத்தார். ஆனால் அந்நாட்டுச் சட்டத்தை அவரால் மாற்ற இயலவில்லை. 1948-க்குப்பின் அங்கு நிறவேற்றுமை அரசின் கொள்கையாகவே நிலைபெற்று, பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகே ஒழிந்தது. பெருமாளே தூது நடந்தபோதும் துரியோதனன் ஐந்து ஊரும் தர இசையவில்லையே. தூது பலிக்கவில்லை என்பதால் கண்ணன் தூது சென்றது வீண் என்று எவரும் சொல்வதில்லை. இனிமை நம் கடமை. பலன் நம் கையில் இல்லை.

உற்ஸவம் கற்பிப்பது

இந்த உற்ஸவத்தையே பாருங்கள். மூலவர் அசையாமல் கர்ப்பக்ருஹத்தில் எழுந்தருளியிருக்கிறார். நோயாளிகள், படியேற இயலாத முதியவர்கள், கடையை விட்டு வர முடியாதவர்கள் எல்லோரும் அங்கு வந்து ஸேவிக்க முடியுமா? ஆகையால் உற்ஸவர் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில் ஏறி வீதிக்கு வருகிறார். வெயிலிலும் புழுதியிலும் வருகிறார். வாசலில் கோலமிட்டுத் தட்டோடு நிற்கும் ஏழைக்காகவும் நின்று அருள்கிறார். ஸாத்துப்படியின் அழகைக் கண்டு கண்கள் குளிர்கின்றன என்பது மெய். ஆனால் நெஞ்சு உருகுவது, இவர் நம் வாசலுக்கு வந்தாரே என்பதனால் அன்றோ? யசோதைப் பிராட்டியின் கயிற்றுக்குக் கட்டுண்டு உரலோடு இருந்த எளிமையை நினைத்து நம்மாழ்வார் ஆறு மாதம் மோஹித்திருந்தார் என்பர். உலகையெல்லாம் தன் வசமாக்க வல்லவன் ஓர் ஆய்ச்சியின் வசமாகி நின்றான். வசியம் தேடுகிறவர்கள் நினைக்க வேண்டிய இடம் இது.

ஸந்நிதியில் ஸாதிக்கப்படும் ஸடாரியும் இதையே சொல்கிறது. பெருமாளுடைய திருவடிநிலையாகிய அது நம்மாழ்வாருடைய திருநாமத்தையே தாங்கி, செல்வர் தலையிலும் வறியவர் தலையிலும் ஒரே விதமாக அமர்கிறது. அதைக் கையில் பிடித்திருக்கும் அர்ச்சகன் முகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுமானால், பெருமாளுடைய ஸௌசீல்யத்துக்கும் பக்தருக்கும் இடையே அவனே திரையாகிறான். அன்று அடியேன் அத்திரையாக நின்றேன்.

எனவே அந்த இளைஞருக்கு இன்று அடியேன் சொல்லக்கூடிய விடை இது. வசிய மந்திரம் தேட வேண்டாம். வருபவரிடம் நீரே முந்திப் பேசும். பேசுமுன் முகம் மலரும். அவருக்கு எது வேண்டும் என்பதை உண்மையாகவே அறிய விரும்பும். அவருக்குப் புரியும் சொல்லில், மிகைபடாமல், பொய் கலவாமல் பேசும். ஐயப்பட்டுக் கேட்டால் சினம் கொள்ளாதீர். வேண்டாம் என்று எழுந்து போனால் வந்தபோது காட்டிய அதே முகத்தோடு வழியனுப்பும். மணக்கால் நம்பியைப் போல் ஆறு மாதம் பொறும். இத்தனையும் செய்தபின்னும் விற்பனை பெருகாமல் போகலாம். ஆனால் உம்மிடம் வந்து சென்றவர் எவரும் தலைகுனிந்து சென்றிருக்கமாட்டார்.

அடியேனிடம் வந்த நீர் அவ்வாறு செல்ல நேர்ந்தது. அதற்காக உம்மிடம் க்ஷமை வேண்டுகிறேன். இம்மலர் உம் கையில் கிடைக்குமாயின், மறுபடி ஒருமுறை ஸந்நிதிக்கு வாரும். எத்தனை கூட்டம் இருந்தாலும், இம்முறை அடியேன் முந்திப் பேசுவேன்.

உற்ஸவத்துக்கு வந்துள்ள பாகவதர்கள் அனைவருக்கும் எம்பெருமான் ஸகல மங்களங்களையும், எல்லோரோடும் இனிது கலந்து பழகும் சீலத்தையும் அருள வேண்டும் என்று பிரார்த்தித்து இதை நிறைவு செய்கிறேன்.

அடியேன்,
ஸந்நிதி அர்ச்சகன்

சுபம்